ஆஸ்திரிய இசையமைப்பாளர் ராபர்ட் ஸ்டோல்ஸை நிலைநிறுத்தியது மேடையா, திரையா? ‘திரையே’ அணியின் உரை

நடுவர் அவர்களே, வணக்கம்.

எதிரணித் தலைவர் கைதட்டல் வாங்கிக்கொண்டு இப்போதுதான் உட்கார்ந்தார். “1907-லேயே வியன்னாவின் தியேட்டர் ஆன் டேர் வீனில் கோல் பிடித்து இசைக்குழுவை நடத்தியவர் ஸ்டோல்ஸ். ஏறத்தாழ 60 ஆபரெட்டா, அதாவது பேச்சும் பாட்டும் கலந்த இலகுவான இசைநாடகம், எழுதியவர். சினிமா அவருக்கு வெறும் பக்கவாத்தியம்” என்றார். சரி. அதே வியன்னாவில் தன் பெயரிலேயே தியேட்டர் திறந்து, கடனாளியாகி, 1925-இல் பெர்லினுக்கு மூட்டை கட்டினாரே, அந்த இடத்தை மட்டும் ஏன் ஐயா தாண்டிக் குதித்தீர்கள்?

அவரைத் தூக்கி நிறுத்தியது 1930. பேசும் படம் வந்த புதிது. கேஸா ஃபோன் பொல்வாரி இயக்கிய ‘முக்கால் தாளத்தில் இரு இதயங்கள்’ படத்துக்கு ஸ்டோல்ஸ் இசை. ஆபரெட்டாவுக்கு ஒரு வால்ட்ஸ், அதாவது மூன்று தட்டு நடன மெட்டு, கிடைக்காமல் தவிக்கும் இசையமைப்பாளர்தான் கதாநாயகன். ஜெர்மன் பேசும் இந்தப் படம் அமெரிக்காவிலும் ஓடியது. 1933-இல் சூரிச் மேடையில் இதே கதை ஆபரெட்டா ஆனது. படம் முன்னே, மேடை பின்னே!

“மேடைப் பாட்டைப் படம் பிடித்தால் திரைப்பாட்டு” என்று ஒரு வரி சொன்னார்கள். அவ்வளவு லேசில்லை. வியன்னா வால்ட்ஸில் நிமிடத்துக்குச் சுமார் 60 ஆவர்த்தனம், ஒவ்வொன்றிலும் மூன்று தட்டு. பேசும் படம் நொடிக்கு 24 ஃப்ரேம். ஆக, ஒரு தட்டுக்கு 8 ஃப்ரேம். 32 ஆவர்த்தனப் பல்லவிக்கு 32 நொடி, 35 மி.மீ. ஃபிலிமில் அது 48 அடி. கணக்கு அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் வியன்னாக்காரர்கள் கணக்குப்படி வாசிப்பதில்லையே! இரண்டாவது தட்டு மயிரிழை முந்தி விழும், மூன்றாவது கொஞ்சம் காத்திருக்கும். மேடையில் பாடகர் உச்ச ஸ்வரத்தில் நின்றால், நடத்துநர் அவர் வாயைப் பார்த்துக் கோலை நிறுத்திவைப்பார். பாட்டை முன்கூட்டியே பதிந்து படம் பிடிக்கும்போது அந்தச் சலுகை கிடையாது. பதிவில் இல்லாத அரை நொடியை நடிகர் கூட்டி நின்றால் 12 ஃப்ரேம் போச்சு. உதடு ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம்.

பாடுகிறவரும் வேறு. 1930-இலேயே வந்த ‘பாட்டு முடிந்தது’ படத்தில் பாடிய வில்லி ஃபோர்ஸ்ட் ஆபரா எனும் மேடை இசைநாடகப் பாடகர் அல்ல, நடிகர். பாதி பேச்சு, பாதி பாட்டு. கடைசி வரிசைக்குக் கேட்கக் கத்த வேண்டியதில்லை. மைக் பக்கத்தில் இருக்கிறது. அந்தச் சன்னக் குரலை மூழ்கடிக்காத மெட்டை எழுதத் தெரிந்தவர் ஸ்டோல்ஸ்.

நாஜிகள் ஆஸ்திரியாவைப் பிடித்த 1938-இல் ஊரைவிட்டார். பாரிஸ், அங்கே தடுப்பு முகாம், 1940-இல் நியூயார்க். அங்கே வியன்னா இசைக் கச்சேரிகளை நடத்தினார், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஆஸ்கர் பரிந்துரை எதற்கு? ஹாலிவுட் நடிகை டியானா டர்பின் பாடிய ‘வால்ட்ஸிங் இன் த கிளவுட்ஸ்’ பாட்டுக்கு. பிறகு ‘இட் ஹேப்பன்ட் டுமாரோ’ பட இசைக்கு. இரண்டு முறையும் விருது கைக்கு வரவில்லை, மறைக்கவில்லை.

அந்த வால்ட்ஸ் பாட்டு வந்த டர்பின் படமே, ஸ்டோல்ஸ் 1934-இல் இசையமைத்த ‘வசந்த அணிவகுப்பு’ படத்தின் மறு ஆக்கம். அதே கதையை 1964-இல் வியன்னாவின் ஃபோக்ஸ்ஓப்பர் அரங்கம் ஆபரெட்டாவாக மேடையேற்றியது. படம் வந்து 30 ஆண்டு கழித்து! எதிரணி நண்பர் கையில் இருக்கும் ‘மேடைச் சாதனைகள்’ பட்டியலில் அதுவும் இருக்கிறது, நடுவர் அவர்களே. அந்த ஒரு வரியை மட்டும் கிழித்து எங்கள் மேசைக்கு அனுப்பச் சொல்லுங்கள்.