தாலுகா ஆபீசில் இருந்த அரபி

நேயர்களுக்கு வணக்கம். கடலூர் தாலுகா ஆபீசில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். மகன் ஷார்ஜாவுக்கு வேலைக்குப் போனான். வீட்டில் சும்மா இருந்த நான் 61 வயதில் அரபி படிக்க உட்கார்ந்தேன். எனக்குச் சொல்லித் தருபவர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் தெருவிலேயே இருக்கும் பாய். பரங்கிப்பேட்டைக்காரர், தோஹாவில் கடை வைத்திருந்தவர்.

அரபிக்கு 28 எழுத்து. 247 படித்தவனுக்கு இது எம்மாத்திரம் என்று நினைத்தேன். அப்புறம்தான் தெரிந்தது, ஒரே எழுத்து சொல்லின் முதலில் ஒரு மாதிரி, நடுவில் ஒரு மாதிரி, கடைசியில் வேறு மாதிரி இருக்கும் என்று. அலிஃப், ரா, வாவ் போல ஆறு எழுத்துகள் மட்டும் அடுத்த எழுத்தோடு ஒட்டாது. பா, தா, ஸா மூன்றுக்கும் உடம்பு ஒன்றுதான். கீழே ஒரு புள்ளி வைத்தால் பா, மேலே இரண்டு வைத்தால் தா, மூன்று வைத்தால் ஸா. வலமிருந்து இடமாக எழுதுவதுதான் கஷ்டம் என்பார்கள். அது ஒரு வாரத்தில் பழகிவிடுகிறது. புள்ளி பழக ஒரு மாதம் ஆயிற்று.

பாய்க்குத் தெரியாமல் ஒரு குறுக்கு வழி பார்த்தேன். பாடத்தை எல்லாம் தமிழ் எழுத்தில் குறித்துக்கொண்டேன். ஒருநாள் நோட்டைப் பார்த்தால் மூன்று இடத்தில் ‘தீன்’ என்று இருக்கிறது. ஒன்றுக்கு மார்க்கம் என்று பொருள், ஒன்றுக்கு அத்திப்பழம், இன்னொன்றுக்குக் களிமண். அரபியில் மூன்றும் வேறு வேறு எழுத்தில் தொடங்குபவை. நம்மிடம் இருப்பது ஒரே ‘த’. “சார், நோட்டைக் கொடுங்க” என்று வாங்கி வைத்துக்கொண்டார் பாய். அவர் செய்தது சரி. புதிதாகப் படிப்பவர்கள் தமிழ் எழுத்தை ஊன்றுகோலாகப் பிடிக்க வேண்டாம்.

ஓசையிலும் இப்படித்தான். ‘பம்பரம்’ என்று சொல்லிப் பாருங்கள். அதில் இரண்டாவதாக வரும் ப அரபியில் உண்டு, முதலில் வருவது கிடையாது. நாம் ழகரத்தைப் பெருமையாகச் சொல்வது போல, அவர்கள் ‘ளாத்’ என்ற எழுத்தைச் சொல்லி, தங்கள் மொழியையே அதன் பெயரால் அழைக்கிறார்கள். தமிழ் முஸ்லிம்களில் பலர் ‘ரமழான்’ என்று எழுதும்போது ழ போடுவது அந்த எழுத்துக்குத்தான்.

சொற்களுக்கு வந்தபோதுதான் எனக்கு வேடிக்கை. பெரும்பாலான அரபிச் சொற்களுக்கு வேர் மூன்று மெய்கள். அந்த மூன்றை வேறு வேறு அச்சில் வார்த்தால் வேறு வேறு சொல் கிடைக்கும். பாய் ‘ஹ-ஸ-ல’ என்ற வேரை எழுதி, கிடைத்தல் என்று பொருள் சொன்னார். மஹ்ஸூல் என்றால் கிடைத்தது, தஹ்ஸீல் என்றால் திரட்டுதல். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மகசூல், தாசில்தார்! அந்த ‘தார்’ மட்டும் பாரசீகம். இதே போல ‘செய்தல்’ என்ற வேரிலிருந்து அமல். அதையே மஹ்ஸூல் அச்சில் வார்த்தால் மாமூல், அதாவது செய்யப்பட்டது, வழக்கமானது. உத்தரவு அமலுக்கு வருவதையும் மாமூல் கைமாறுவதையும் ஒரே கூரையின் கீழ் பார்த்தவனுக்கு, இரண்டும் ஒரே வேர் என்பதில் ஆச்சரியம் இல்லை.

உற்சாகத்தில் வசூலையும் மகசூலோடு சேர்த்தேன். அது தப்பு. வசூலுக்கு வேர் வேறு, அதன் பொருள் வந்து சேர்தல்.

புத்தக அரபி வேறு, பேச்சு அரபி வேறு. என்ன வேண்டும் என்பதற்குப் புத்தகத்தில் ‘மாதா துரீது’. மகனோ அங்கே ‘ஷூ தபி’ என்றுதான் கேட்கிறார்கள் என்கிறான். மேடைக்கு ஒரு தமிழ், வீட்டுக்கு ஒரு தமிழ் என்று வைத்திருக்கும் நமக்கு இது புதிதல்ல. எழுத்து கைவந்த பிறகு பேச்சுக்குப் போகலாம்.

செய்தித்தாளில் குறில் உயிர்களை எழுதுவதில்லை, நாமே ஊகிக்க வேண்டும். எனக்கு அது இன்னும் வரவில்லை. போன மாதம் பாய் தன் பாட்டியின் பழைய நோட்டு ஒன்றைக் கொண்டுவந்தார். குறில் குறிகள் எல்லாம் போட்டிருந்தது. விரல் வைத்து வலமிருந்து கூட்டினேன். அ... ரி... சி. அடுத்த வரி, பு... ளி. நிமிர்ந்து பார்த்தேன். “அரபுத்தமிழ் சார்,” என்றார் பாய், “பாட்டியோட மளிகைக் கணக்கு.”