மூட்டு வலி போன பிறகும் ஊசி எதற்கு?

அடுத்த கேள்வி, ஒடுகத்தூரிலிருந்து ஒரு அம்மா அனுப்பியிருக்கிறார். மகளுக்கு 11 வயது. போன வருஷம் காய்ச்சலும் மூட்டு வீக்கமும் வந்து, எக்கோ (இதய ஸ்கேன்) எடுத்ததில் இதயத்தின் மைட்ரல் வால்வில் லேசான கசிவு என்றார்களாம். “இப்போது நன்றாக ஓடியாடுகிறாள். ஊசி போட்டால்தான் இரண்டு நாள் நொண்டுகிறாள். நிறுத்திவிடலாமா டாக்டர்?”

நிறுத்தாதீர்கள் அம்மா. பென்சிலின் ஊசி மூட்டு வலிக்காகப் போடுவது இல்லை. தொண்டையில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி வந்துபோன இரண்டு, மூன்று வாரத்தில், அந்தக் கிருமியை எதிர்க்கக் கிளம்பிய உடம்பு, சிலருக்குத் தன் மூட்டையும் இதய வால்வையுமே தாக்கிவிடுகிறது. இதைத்தான் ருமாட்டிக் காய்ச்சல் என்பார்கள். மூட்டு வீக்கம் சுவடில்லாமல் போய்விடும். வால்வில் விழுந்த தழும்பு அப்படிப் போகாது. மறுபடி ஒரு தொண்டைப் புண், மறுபடி காய்ச்சல் என்று வந்தால், இந்த லேசான கசிவு பெரிதாகும். இதயம் வீங்கும், படுத்தால் மூச்சு முட்டும், கால் வீங்கும். அப்படி மறுபடி வராமல் தடுக்கத்தான் இந்த ஊசி.

வால்வு சுருங்கவும் செய்யும். மேலை நாடுகளில் இதற்கு இருபது வருஷம், அதற்கு மேலும் ஆகும். நம் நாட்டில் 20 வயதுக்குள்ளேயே கடுமையாகச் சுருங்கிவிடுவதை இதய மருத்துவர் சுஜய் ராய் குழுவினர் 1963-லேயே எழுதினார்கள். ஒரே அறையில் ஆறேழு பேர் படுக்கும் வீடு, திரும்பத் திரும்ப வரும் தொண்டைப் புண், பாதியில் விட்ட ஊசி... வேறென்ன காரணம் சொல்ல? சுருங்கினால் நுரையீரலில் அழுத்தம் ஏறும், துடிப்பு தாறுமாறாகும், ரத்தம் உறைந்து மூளைக்குப் போனால் பக்கவாதம்.

பெண் பிள்ளை என்பதால் இன்னொன்றும் சொல்கிறேன். கர்ப்பத்தில் ரத்தத்தின் அளவு கிட்டத்தட்ட பாதி கூடும். சுருங்கிய வால்வு அதைத் தாங்காது. உலோக வால்வு வைத்தாலோ ரத்தம் உறையாமல் இருக்க ஆயுசுக்கும் வார்ஃபரின் மாத்திரை. அது வயிற்றுப் பிள்ளையைப் பாதிக்கலாம். இரண்டு நாள் நொண்டல் பரவாயில்லை, இல்லையா?

வால்வு பாதித்த பிள்ளைக்கு, கசிவு லேசாக இருந்தாலும், 21 நாளுக்கு ஒரு ஊசி, 10 வருஷம் அல்லது 25 வயது, இரண்டில் எது தள்ளி வருகிறதோ அதுவரை. கசிவு அதிகமானால் இன்னும் நீளும். பல் பிடுங்கப் போனால் வால்வு விஷயத்தை முதலில் சொல்லிவிடுங்கள். வால்வில் கிருமி ஒட்டினால் அது தனித் தொல்லை.

அப்புறம், ஒவ்வொரு ஊசிக்கும் வேலூருக்கு பஸ் ஏற வேண்டும் என்பதில்லை. பார்க்கும் டாக்டரிடம் சீட்டு வாங்கி, பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் போட முடியுமா என்று கேளுங்கள். மருந்து இருக்கிறதா என்று நர்ஸம்மாவிடம் நாலு நாள் முன்னாலேயே விசாரித்துவிடுங்கள்.