ஆடி அமாவாசை வாரத்து வானம்

நேயர்களுக்கு வணக்கம். 2026 ஆகஸ்ட் 9 ஞாயிறு தொடங்கி 15 சனி வரைக்குமான வாரம் இது. குப்பம், நகரி, புத்தூர், சத்தியவேடு, தடா பக்கம் இருப்பவர்கள் ஒரே ஒரு ராத்திரி தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளத் தயார் என்றால், புதன்கிழமையை வைத்துக்கொள்ளுங்கள்.

புதன், 12ஆம் தேதி, ஆடி அமாவாசை. அன்றிரவு கழிந்து வியாழன் விடியுமுன் பெர்சியட் எரிநட்சத்திரங்கள் உச்சத்தை ஒட்டி விழும். போன வருஷம் பௌர்ணமி கழிந்த மூன்றாம் நாள் வந்ததால், நிலா வெளிச்சமே பாதியை விழுங்கிவிட்டது. இந்த வருஷம் நிலாவே கிடையாது.

ஸ்விஃப்ட்-டட்டில் என்ற வால்மீன் ஏறக்குறைய 133 ஆண்டுக்கு ஒருமுறை சூரியனைச் சுற்றுகிறது. கடைசியாக வந்தது 1992இல். அது வழியெங்கும் உதிர்த்துவிட்டுப் போன மணல் பருமனுள்ள துகள்கள்தான் நொடிக்கு 59 கிலோமீட்டர் வேகத்தில் நம் காற்றுமண்டலத்தில் மோதி எரிகின்றன.

மணிக்கு நூறு விழும் என்று செய்தித்தாளில் வரும். நம்பி மாடிக்குப் போகிறவர் ஏமாந்து இறங்குவார். அவை புறப்படுவதுபோல் தோன்றும் இடம் நேர் உச்சியில் இருந்து, வானமும் மாசுமருவற்று இருந்தால் வரும் கணக்கு அது. நம் ஊர்களில் அந்த இடம் வடக்கே 45 பாகைக்கு மேல் ஏறுவதே இல்லை. தெருவிளக்கு இல்லாத கிராமத்தில் மணிக்கு 25, 30 பார்த்தால் நல்ல வேட்டை. ஊர் நடுவில் ஐந்து கிடைத்தாலே அதிகம்.

இரவு பத்தரைக்குத்தான் அந்த இடம் வடகிழக்கில் எழும். அதனால் சாயங்காலமே காத்திருப்பது வீண். இரண்டு மணிக்கு எழுந்து நாலே முக்கால் வரை பாருங்கள், அதற்குப் பின் வானம் வெளுத்துவிடும். கிழக்கே அறுமீன் கூட்டமான கார்த்திகையைக் கண்டுபிடியுங்கள். அதற்கு இடப்பக்கம், வடக்கே தள்ளி இருப்பது பெர்சியஸ் விண்மீன் கூட்டம், எரிநட்சத்திரங்கள் புறப்படுவதுபோல் தோன்றுவது அங்கிருந்துதான். அங்கேயே முறைத்துப் பார்க்க வேண்டாம், நீளமான கோடுகள் சற்றுத் தள்ளித்தான் விழும். பாய் விரித்து, தலைக்கு உயரமாய் ஏதாவது வைத்து, வடகிழக்கில் பாதி உயரத்தைப் பார்த்தபடி மல்லாந்து படுப்பதுதான் வசதி. பைனாகுலர் வேண்டாம், அதில் வானத்தின் சின்னத் துண்டுதான் தெரியும்.

கண் இருட்டுக்குப் பழக அரைமணி ஆகும். நடுவில் ஒருமுறை செல்போனைத் திறந்தால் அந்த அரைமணியும் போச்சு. டார்ச்சின் மேல் சிவப்புக் கண்ணாடித்தாளை இரண்டு மடிப்பாகக் கட்டிக்கொள்ளலாம். எண்ணுகிறவர்கள் கால்மணிக்கு ஒருமுறை கோடு போட்டு, வானத்தில் எவ்வளவு மேகம் என்பதையும் பக்கத்தில் குறியுங்கள். மேகம் குறிக்காத கணக்கை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. நிதானமாக ஊர்ந்து போவது செயற்கைக்கோள். எரிநட்சத்திரம் கண் சிமிட்டும் நேரத்தில் முடிந்துவிடும். புதன் ராத்திரி மழை வந்தால் மனம் தளர வேண்டாம். முந்தின, பிந்தின ராத்திரிகளிலும் ஏறக்குறைய பாதி கிடைக்கும்.

அதே அமாவாசையில் முழுச் சூரிய கிரகணமும் இருக்கிறது. கிரீன்லாந்து, ஐஸ்லாந்து, ஸ்பெயின் பக்கம்தான். நம் கடிகாரத்தில் அது தொடங்குவதே இரவு ஒன்பதுக்கு மேல், அப்போது இங்கே சூரியன் மறைந்து இரண்டரை மணி நேரம் ஆகியிருக்கும். கர்ப்பிணிகளை யாரும் அறைக்குள் உட்காரவைக்க வேண்டாம். இதே ஆகஸ்டில், 1868ஆம் ஆண்டு 18ஆம் தேதி, முழு கிரகணம் ஆந்திராவின் மேலேயே போனது. குண்டூரில் முகாமிட்டிருந்த பிரெஞ்சு வானியலாளர் ஜான்சன், சூரிய விளிம்பின் தீச்சுவாலைகளை, ஒளியை நிறங்களாகப் பிரித்துக் காட்டும் நிறமாலைமானியில் பார்த்தார். அதில் தெரிந்த ஒளிக்கோடுகள் அவ்வளவு பிரகாசமாய் இருந்ததால், மறுநாள் கிரகணமே இல்லாமல் அவற்றைத் திரும்பவும் பார்த்துவிட்டார்.

திங்கள், 10ஆம் தேதி, 1927இல் வானியலாளர் வைணு பாப்பு பிறந்த நாள். ஆலங்காயம் பக்கத்துக் காவலூரில் 2.34 மீட்டர் தொலைநோக்கிக்கு அவர் பெயர்தான். 1979இல் அதே தேதியில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து செயற்கைக்கோள் ஏவும் ராக்கெட்டான எஸ்.எல்.வி-3 முதன்முதலாகக் கிளம்பியது. 22 மீட்டர் உயரம், 17 டன். இரண்டாம் கட்டத்தின் கட்டுப்பாட்டு அமைப்பில் ஒரு வால்வு சிக்கி, நைட்ரிக் அமிலம் கசிந்துபோனது. திசை திருப்ப விசை இல்லாமல் ராக்கெட் வங்காள விரிகுடாவில் விழுந்தது. 1980 ஜூலை 18இல் அதே ரகம் 35 கிலோ எடையுள்ள ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் வைத்தது. புதன்கிழமை, இந்திய விண்வெளித் திட்டத்தைத் தொடங்கிவைத்த விக்ரம் சாராபாய் பிறந்த நாள், 1919.

வெள்ளிக்கிழமை மாலை மேற்கே தாழ்வாக மூன்றாம் பிறை. சனிக்கிழமை பிறை இன்னும் ஏறி, பளிச்சென்ற வெள்ளிக் கிரகத்துக்குக் கீழே நிற்கும். அன்றுதான் வெள்ளி நம் பார்வைக்கு, வானத்தில் சூரியனிலிருந்து அதிகம் விலகித் தெரியும். ஒன்பது மணி வாக்கில் மறையும். சிறிய தொலைநோக்கி இருந்தால் அரை நிலா போலத் தெரியும். ஆனால் நன்றாக இருட்டும்வரை காத்திருக்காதீர்கள், கண் கூசி வடிவம் மங்கிவிடும். ஏழு மணிக்குள் பார்த்துவிடுங்கள்.