"தெரியுதா?" என்று கேட்காதீர்கள்

(பல்கலைக்கழக வானாய்வகத்தில் பொதுமக்களுக்கான வான்பார்வை இரவுகளுக்குத் தன்னார்வலர்களாகச் சேர்ந்த மாணவர்களிடம் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம்.

தொலைநோக்கியை எப்படித் திருப்புவது, ஃபோகஸ் எப்படி வைப்பது என்பதையெல்லாம் உங்கள் சீனியர்கள் சொல்லித் தருவார்கள். நான் ஒரே ஒரு சொல்லைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். "தெரியுதா?" தொலைநோக்கி நிற்கும் குவிமாட அறை இருக்கிறதே, அந்த டோமுக்குள் இந்தக் கேள்வியை யாரும் கேட்கக் கூடாது.

நானும் உங்களைப் போல வரிசைப் பக்கத்தில் நின்ற காலம் அது. அன்று சனிக்கோள் காட்டுகிறோம். நல்ல கூட்டம், வரிசை படியிறங்கி வெளியே போய்விட்டது. ஒவ்வொருவராகக் குனிகிறார்கள். நான் "தெரியுதா?" என்கிறேன். "தெரியுது சார், சூப்பர்" என்று நகர்கிறார்கள். எனக்கு ஒரே பெருமை, ஏதோ சனியை நானே செய்து வைத்த மாதிரி. அப்புறம் ஒரு பாட்டி வந்தார். குனிந்தார், நிமிர்ந்தார், மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் குனிந்தார். "தம்பி, இதுல ஒண்ணும் இல்லையேப்பா" என்றார்.

நான் எட்டிப் பார்த்தேன். நிஜமாகவே ஒன்றும் இல்லை. தொலைநோக்கியை வானத்தோடு சேர்த்து நகர்த்தும் மோட்டார் எப்போதோ நின்றுபோயிருக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். பூமி சுழல்வதால் வானம் மணிக்கு 15 பாகை நகர்கிறது, நிமிடத்துக்குக் கால் பாகை. 200 மடங்கு உருப்பெருக்கத்தில், கண் வைத்துப் பார்க்கும் சாதாரண ஐபீஸில் தெரியும் வானமே ஏறக்குறைய கால் பாகைதான். நட்ட நடுவில் இருக்கும் சனி அரை நிமிடத்தில் விளிம்பைத் தாண்டி ஓடிவிடும். அப்படியென்றால் பாட்டிக்கு முன்னால் எத்தனை பேர் வெறும் இருட்டைப் பார்த்து "சூப்பர்" சொல்லியிருப்பார்கள்?

அவர்கள்மேல் குற்றமே இல்லை. பின்னால் அத்தனை பேர் காத்திருக்க, பக்கத்தில் ஒரு படித்த பையன் "தெரியுதா, தெரியுதா" என்று அரித்தால் யார்தான் இல்லை என்பார்கள்?

அதனால் "என்ன தெரியுது?" என்று கேளுங்கள். அவ்வளவுதான் வித்தியாசம். பதில் வந்த உடனே எங்கே கோளாறு என்று புரிந்துவிடும். "கறுப்பா, கம்பி கம்பியா" என்றால் அவர் பார்ப்பது தன்னுடைய கண்ணிமை மயிரை. கண்ணைக் கொஞ்சம் தள்ளி வைக்கச் சொல்லுங்கள். "பெரிய வளையல் மாதிரி, நடுவுல ஓட்டை" என்றால், ஆகா வளையத்தைப் பார்த்துவிட்டார் என்று குதிக்காதீர்கள். அது ஃபோகஸ் கலைந்த பிம்பம். ஓட்டை என்பது தொலைநோக்கிக்குள் இருக்கும் சின்னக் கண்ணாடியின் நிழல். "ஒரு புள்ளி, ரெண்டு பக்கமும் காது" என்று யாராவது சொன்னால் அவரை அவசரப்படுத்தாதீர்கள். அவர் சனியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

கலிலியோவுக்கும் அப்படித்தான் தெரிந்தது. 1610-ல் சனியைப் பார்த்து, மூன்று உருண்டைகள் ஒட்டி நிற்கின்றன என்று நினைத்தார். 1612-ல் பார்த்தால் பக்கத்து இரண்டையும் காணோம்; மனிதர் குழம்பிப்போனார். வளையம் நமக்கு விளிம்பைக் காட்டி நின்ற சமயம் அது. கோளைத் தொடாமல் சுற்றிவரும் தட்டையான வளையம் என்று டச்சு வானியலாளர் ஹைகன்ஸ் புத்தகம் போட்டு விளக்கியது 1659-ல். கலிலியோ முதலில் பார்த்ததிலிருந்து 49 வருடம்! நாம் ஒரு பார்வையாளருக்குக் கொடுப்பது 20 விநாடி. வரிசை நீளமாக இருந்தால் இருக்கட்டும். ஓர் இரவில் நான்கு பொருளைக் காட்டி ஓட்டுவதைவிட இரண்டைக் காட்டி நிற்க விடுங்கள்.

ஓரியன் விண்மீன் கூட்டத்தில் இருக்கும் வாயு, தூசு மேகமான ஓரியன் நெபுலா காட்டும் இரவுகளில் வேறு ஒரு தொல்லை வரும். வருபவர்கள் எல்லோரும் செக்கச்செவேல் என்ற படத்தை ஏற்கெனவே பார்த்திருப்பார்கள். ஐபீஸில் தெரிவதோ சாம்பல் நிறப் புகை. கேமரா பல நிமிடம் ஒளியைச் சேர்த்து வைக்கும், கண்ணால் அது முடியாது. தவிர, மங்கலில் வேலை செய்யும், விழித்திரையில் உள்ள குச்சிச் செல்களுக்கு நிறம் பிரிக்கத் தெரியாது. இதை அவர்கள் குனிவதற்கு முன்னால் சொல்லிவிடுங்கள், ஏமாந்த பிறகு சொன்னால் சால்ஜாப்பு மாதிரி இருக்கும். நேராகப் பார்க்காமல் சற்று ஓரமாகப் பார்க்கச் சொல்லுங்கள். விழித்திரையின் மையத்தில் குச்சிச் செல்கள் கிடையாது, ஓரத்தில்தான் நிறைய. பார்வையை லேசாக நகர்த்தியதும் அந்தப் புகை சட்டென்று இறக்கை விரிக்கும். அப்போது அவர்கள் வாயிலிருந்து தானாக ஒரு சத்தம் வரும், கேட்டுப் பாருங்கள். நிறம் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்களுக்கு அல்பிரியோ இரட்டை விண்மீன் இருக்கிறது. ஒன்று பொன் நிறம், இன்னொன்று நீலம். ஓரியன் மறைந்த மாதங்களில் அதுதான் என் கைக்காவல்.

நிலாவுக்கு வருவோம். "பௌர்ணமி அன்று வையுங்களேன், கூட்டம் வரும்" என்று ஒவ்வொரு வருடமும் யாராவது சொல்வார்கள். வேண்டாம். பௌர்ணமியில் சூரியன் நிலாவின் முகத்தில் நேராக அடிக்கிறது, நிழலே விழாது, எல்லாம் சுண்ணாம்புச் சுவர் மாதிரி தட்டை. அரை நிலாவன்று பகலும் இரவும் பிரியும் கோட்டைப் பாருங்கள். தாலமேயஸ், அல்போன்ஸஸ், அர்ஸாக்கெல் என்று மூன்று பள்ளங்கள் வரிசையாக நிற்கும். தாலமேயஸின் அகலம் மட்டும் சுமார் 150 கிலோமீட்டர். சில பள்ளங்களில் தரை முழுக்க இருட்டு, நடுவில் சிகரத்தின் உச்சி மட்டும் வெயிலில் மின்னும். அங்கே விடிகிறது என்று சொல்லிவிட்டுச் சும்மா நில்லுங்கள்.

மற்றவை சில்லறை விஷயங்கள். ஏணிக்குக் கைப்பிடி வேண்டும், இல்லாவிட்டால் தடுமாறுபவர் ஐபீஸையே பிடிப்பார். கிட்டப்பார்வைக்காரர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஃபோகஸைத் திருப்பிக்கொள்ளலாம், அடுத்தவருக்கு முன் மறக்காமல் சரிசெய்யுங்கள். வந்தவர் சோதிடம் கேட்டால் சண்டைக்குப் போகாதீர்கள். அதே சனியைக் காட்டுங்கள்.

டோமின் வாய் மாலையிலேயே திறந்தாயிற்று. உள்ளே தேங்கிய சூடு வெளியேறாவிட்டால் பிம்பம் தண்ணீருக்கடியில் கிடப்பது மாதிரி ஆடும். இப்போது உங்கள் கண் தயாராக வேண்டும், இருட்டுக்குப் பழக 20, 30 நிமிடம் ஆகும். அதற்குள் ஒரு ஃபோன் வெளிச்சம் பட்டாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஃபோன்கள் பைக்குள். சிவப்பு டார்ச் மட்டும் கையில். இருவர் இருவராகப் பிரியுங்கள். ஒருவர் பார்க்க, மற்றவர் கேட்க வேண்டும். எப்படிக் கேட்பது என்று இனி நான் சொல்ல வேண்டாம். கதவுப் பக்கம் இருக்கிற தம்பி, அந்த விளக்கை அணைத்துவிடப்பா.