கின்ட்சுகி செய்யும் கையில் கொப்புளம் வருவது ஏன்? உருஷியும் மாங்காய்ப் பாலும்

[காட்சி: உடைந்து ஒட்டப்பட்ட தேநீர்க் கிண்ணம். ஒட்டிய கோட்டில் பொன்துகள் மின்னுகிறது.]

வணக்கம். உடைந்த கிண்ணத்தை ஒட்டி, அந்தக் கோட்டின் மீது பொன்துகள் தூவும் கின்ட்சுகி என்னும் ஜப்பானியக் கலையை நீங்கள் வீடியோக்களில் பார்த்திருப்பீர்கள். பொன்னுக்கு அடியில் பசையாக இருப்பது ஒரு மரத்தின் பால் என்பதையும், இறுகாத நிலையில் அது தோலில் பட்டால் இரண்டு நாள் கழித்துக் கை முழுவதும் அரிப்பும் கொப்புளமும் கிளம்பக்கூடும் என்பதையும் அவற்றில் பல சொல்வதில்லை. கிட் வாங்கும் எண்ணத்தில் இருப்பவர்கள் இந்த வீடியோவை முழுவதும் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

அந்தப் பாலுக்கு உருஷி என்று பெயர். நம் ஊரில் அரக்கு என்று சொல்வது பூச்சியிடமிருந்து கிடைப்பது, இது வேறு. ஜப்பானில் இவாதே மாகாணத்தின் ஜோபோஜி வட்டாரம் இதற்குப் பெயர் பெற்றது. பத்துப் பதினைந்து ஆண்டுகள் வளர்ந்த ஒரு மரம் தருவது ஏறக்குறைய 200 கிராம் பால்தான்.

[காட்சி: பழுப்பு நிறப் பால் ஒரு சொட்டு, கண்ணாடித் தட்டில்.]

இந்தப் பாலில் பாதிக்கு மேல் இருப்பது உருஷியோல் என்னும் எண்ணெய்த்தன்மை கொண்ட பொருள். அமிலம் போல அது பட்டவுடன் எரிவதில்லை. சத்தமின்றித் தோலுக்குள் ஊறி, அங்குள்ள புரதங்களோடு ஒட்டிக்கொள்கிறது. அப்படி உருமாறிய புரதத்தை நம் நோய் எதிர்ப்பு அணுக்கள் அந்நியப் பொருளாகக் கருதித் தாக்குகின்றன. முதல் முறை படும்போது அந்த அணுக்கள் அதை அடையாளம் கண்டு பழகவே இரண்டு வாரம் வரை ஆகலாம். ஆகையால் பலருக்கு அப்போது எதுவும் தெரிவதில்லை. அடுத்த முறை ஓரிரு நாளிலேயே தடிப்பு வந்துவிடும்.

இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். "ஒரு சொட்டு தடவிப் பார்த்தேன், ஒன்றும் ஆகவில்லை" என்று யாராவது சொன்னால் தயவுசெய்து அதை நம்பிக் கையுறையைக் கழற்றிவிடாதீர்கள். அவர் உடலுக்கு ஒவ்வாமையைக் கற்றுக்கொடுத்ததே அந்த ஒரு சொட்டாக இருக்கலாம்.

[காட்சி: காம்பு கிள்ளிய மாங்காய். காம்படியில் பால் துளிர்க்கிறது.]

இனி, இந்தத் தலைப்பில் என்னை மிகவும் வியக்க வைத்த செய்திக்கு வருகிறேன். உருஷி மரமும் நம் மாமரமும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. முந்திரியும் சேராங்கொட்டையும் அதே குடும்பம்தான். மாங்காயைக் காம்போடு கடித்துவிட்டு உதட்டோரம் புண்ணாகிப் போன அனுபவம் நம்மில் எத்தனையோ பேருக்கு உண்டு. அந்தப் பாலில் இருப்பவை உருஷியோலுக்கு மிக நெருங்கிய உறவுப் பொருள்கள். முந்திரி உடைக்கும் தொழிலாளர்களின் கைகளைப் புண்ணாக்கும் ஓட்டு எண்ணெயும் இதே இனம்தான்.

சேராங்கொட்டையின் கதை இன்னும் சுவையானது. அதன் சாற்றைக் கொண்டு சலவைத் தொழிலாளர்கள் துணியில் குறியிடுவது வழக்கம்; எத்தனை முறை வெளுத்தாலும் அந்தக் குறி அழியாது. இரண்டாம் உலகப் போரின்போது இந்தியாவில் இருந்த அமெரிக்கப் படையினர் சிலருக்கு, சட்டையில் குறி உரசிய இடத்தில் மட்டும் தடிப்பு கிளம்பியது. அதற்குச் சலவைக்காரர் குறியின் பெயரையே வைத்து மருத்துவர்கள் 1943இல் எழுதினார்கள்.

இஸ்ரேலிலும் இதைப் போன்ற ஒன்று நடந்தது. அங்கே மாம்பழம் பறிக்கப் போன அமெரிக்கர்கள் 17 பேருக்குத் தோலில் தடிப்பு வந்தது. கூட வேலை செய்த இஸ்ரேலியர்களுக்கு வரவில்லை. அந்த அமெரிக்கர்கள், உருஷியோல் கொண்ட பாய்சன் ஐவி என்ற செடி வளரும் பகுதிகளிலிருந்து வந்தவர்கள். மாமரத்தோடு அவர்களுக்கு முன்பு தொடர்பே இல்லை என்றாலும், அந்தச் செடியால் பழகிய உடல் மாமரத்தையும் பகையாகவே கண்டது. அப்படியானால் மாங்காய்ப் பாலுக்கு ஏற்கெனவே பழகிய தோல், உருஷி முதன்முறை படும்போதே பொங்கக்கூடும் என்பதை நாம் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். உங்களுக்கு மாங்காய்ப் பாலோ சேராங்கொட்டையோ பட்டுப் புண் வந்ததுண்டா? கருத்துப் பகுதியில் எழுதுங்கள். ஒவ்வொன்றையும் நான் படிப்பேன்.

[காட்சி: மேசை மீது கையுறை, சமையல் எண்ணெய், காகிதத் துணுக்குகள்.]

பாதுகாப்புக்கு வருவோம். ரப்பர் பாலில் செய்த மெல்லிய லேடெக்ஸ் கையுறையை உருஷியோல் ஊடுருவும். நைட்ரைல் கையுறை அணியுங்கள், கறை பட்டவுடன் மாற்றுங்கள். ஆனால் உண்மையில் நாம் கோட்டை விடும் இடம் மணிக்கட்டு. தூரிகையைச் சாய்த்துப் பிடிக்கும்போது கையுறையின் விளிம்புக்கும் சட்டைக் கைக்கும் நடுவில் விரற்கடை அகலத் தோல் திறந்துகிடக்கும். உருஷி அங்கேதான் படுகிறது, படுவதும் தெரிவதில்லை. சட்டைக் கையை இழுத்துக் கையுறைக்குள் செருகிவிடுங்கள். கையுறையோடு கைபேசியையும் கதவுப் பிடியையும் தொடாதீர்கள்.

தோலில் பட்டுவிட்டால் தண்ணீருக்கு ஓட வேண்டாம். உருஷி தண்ணீரில் கரையாது. முதல் பத்து நிமிடத்துக்குள் சமையல் எண்ணெய் நனைத்த காகிதத்தால், தேய்த்துப் பரப்பாமல் ஒற்றி எடுங்கள். காகிதத்தை மாற்றி மீண்டும் ஒற்றுங்கள். அதன் பிறகு சோப்பும் குளிர்ந்த நீரும் போட்டுக் கழுவுங்கள். அந்தக் காகிதத்தை எரிக்கவே கூடாது, ஏனெனில் உருஷியோல் கலந்த புகை நுரையீரலைப் புண்ணாக்கும்.

இன்னொரு வியப்பும் உண்டு: உருஷி வெயிலில் காய்வதில்லை. அதிலுள்ள லாக்கேஸ் என்ற நொதி, ஈரப்பதம் 70 முதல் 85 விழுக்காடு வரை உள்ள காற்றில்தான் அதை இறுக்குகிறது. ஏ.சி. ஓடும் வறண்ட அறையில் வைத்த கிண்ணம் நாள் கணக்கில் ஆபத்தாகவே இருக்கும். முழுவதும் இறுகிய உருஷி பொதுவாகத் தோலுக்குத் தீங்கு செய்வதில்லை. என்றாலும் தொடுவதற்கு உலர்ந்ததாகத் தெரிந்த பிறகும் சில வாரங்கள் பொறுத்தே அதில் தேநீர் ஊற்றுங்கள். உப்புத்தாள் போடும்போது தண்ணீர் தொட்டுத் தேய்த்தால் தூள் பறக்காது.

தடிப்பு வந்துவிட்டால் ஒன்று முதல் மூன்று வாரம் வரை இருக்கும். கொப்புள நீர் பட்டு அது பரவுவதில்லை, ஆனாலும் உடைக்காதீர்கள். குளிர்ந்த ஈரத்துணி அரிப்பைத் தணிக்கும். முகம், கண், பிறப்புறுப்பு ஆகியவற்றில் வந்தாலோ உடலில் பரவலாக வந்தாலோ தோல் மருத்துவரை அன்றே பாருங்கள். மூச்சுத் திணறினால் நேரே அவசர சிகிச்சைக்குச் செல்லுங்கள். உருஷி என்ற சொல் நம் ஊர் மருத்துவருக்குப் புதிதாக இருக்கலாம். எந்த நாளில் எது பட்டது என்பதோடு, மாமரக் குடும்பத்து மரத்தின் பால் என்றும் சொல்லுங்கள்.