ஜோனி மிட்செலின் இடது கை

வணக்கம். கனடாவில் தாங்களே எழுதி, மெட்டமைத்துப் பாடியவர்கள் என்றால் லெனார்ட் கோஹன், கோர்டன் லைட்ஃபுட் என்று பட்டியல் நீளும். எல்லாரையும் தொட்டுப் பேசினால் யாரையும் கேட்டதாகாது. அதனால் இன்று ஒரே ஒரு கையைப் பற்றி மட்டும் பேசுகிறேன். ஜோனி மிட்செலின் இடது கை.

1943இல் கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில் பிறந்து சஸ்கட்டூன் நகரில் வளர்ந்தவர். ஒன்பது வயதில் போலியோ. எழுந்து நடந்துவிட்டார்; இடது கையில் மட்டும் வலு குறைந்துபோனது. கிதாரில் கம்பியை அழுத்திப் பிடிக்கிற கை அதுதானே! பல சுரங்களைச் சேர்த்து ஒரே நேரத்தில் ஒலிக்கவைப்பதுதான் கார்டு; வழக்கமான கார்டுகளுக்கு விரல் ஒத்துழைக்கவில்லை. சரி, விரல் வளையாவிட்டால் கம்பி வளையட்டும் என்று கம்பிகளின் சுருதியையே மாற்றிக்கொண்டார். எங்கும் அழுத்தாமல் ஆறு கம்பிகளையும் ஒரு இழுப்பு இழுத்தாலே முழு கார்டு ஒலிக்கும். அமெரிக்கக் கறுப்பின மக்களின் ப்ளூஸ் இசைக்காரர்கள் முன்பே செய்ததுதான். ஆனால் இவர் கையில் இருந்தது ஐம்பதுக்கும் மேற்பட்ட சுருதிகள்!

1971 ஜூனில் வந்த 'ப்ளூ' ஆல்பத்தில் பெரும்பாலும் கிதார், பியானோ, மடியில் கிடத்தி வாசிக்கும் டல்சிமர் என்ற கம்பி வாத்தியம், அவ்வளவுதான். அதில் 'ரிவர்' என்றொரு பாட்டு. பியானோ நமக்குத் தெரிந்த 'ஜிங்கிள் பெல்ஸ்' மெட்டில் தொடங்கும். அட, பண்டிகைப் பாட்டு என்று நிமிர்ந்து உட்காருவோம். அதற்குள் சுரம் கீழே நழுவி இருண்டுவிடும். கிறிஸ்துமஸ் வருகிறது, இங்கே பனி பெய்வதில்லை, உறைந்த ஆறு ஒன்று இருந்தால் சறுக்கிக்கொண்டே போய்விடுவேன் என்கிறார். கலிபோர்னியா வெயிலில் உட்கார்ந்து சஸ்கட்டூன் குளிருக்கு ஏங்குவதாகத்தான் எனக்குக் கேட்கிறது.

அப்புறம் 1974இல் 'கோர்ட் அண்ட் ஸ்பார்க்'. டிரம்ஸ், சாக்ஸஃபோன், ஜாஸ் வாசிப்பவர்கள் எல்லாரும் வந்தார்கள். அமெரிக்க பில்போர்டு ஆல்பம் பட்டியலில் இரண்டாம் இடம். 'ஃபோக் எனும் நாட்டார் பாணியை விட்டு பாப்புக்குப் போய்விட்டாரா' என்ற கேள்வியே எனக்கு அலுப்பு. டிரம்ஸை மனதுக்குள் நிறுத்திவிட்டுக் கேளுங்கள்: அடியில் அதே கிதார், முடிகிற இடத்தில் முடியாமல் தொங்கும் அதே கார்டுகள்.

2015இல் மூளை ரத்தக்குழாய் பாதிப்பால் விழுந்தவர் மறுபடி நடக்கப் பழக வேண்டியிருந்தது. கிதாரும் மறந்துபோயிருந்தது. தன்னுடைய பழைய வீடியோக்களைப் போட்டு, விரலை எங்கே வைத்திருக்கிறோம் என்று பார்த்துப் பார்த்துப் பழகினார். 2022 ஜூலையில் அமெரிக்காவின் நியூபோர்ட் ஃபோக் இசை விழா மேடையில், 78 வயதில், ஒரு பாட்டு முழுக்க கிதார் மட்டும் வாசித்தார். 'கோர்ட் அண்ட் ஸ்பார்க்' ஆல்பத்திலிருந்து எடுத்த பாட்டு அது.