கழுதை தேய்ந்த கதை: கெர்ட்ரூட் என்றொரு பெயர்

அவைத் தலைவர் அவர்களே, இந்தக் கூட்டத்துக்காக மாடி அறையைத் திறந்துவிட்ட நூலகர் அவர்களே, ஆயிரம் வேலைக்கு நடுவே வந்திருக்கும் வார்டு உறுப்பினர் அவர்களே, முன்வரிசையை நிறைத்திருக்கும் ஓய்வுபெற்ற தமிழாசிரியப் பெருமக்களே, சால்வையோடு காத்திருக்கும் வாசகர் வட்டச் செயலாளர் அவர்களே, எல்லோருக்கும் வணக்கம். சால்வை கடைசியில் இருக்கட்டும். பேச்சைக் கேட்ட பிறகும் போர்த்த மனம் வந்தால் போர்த்துங்கள்.

இன்று ஒரே ஒரு பெயரைப் பற்றித்தான் பேச்சு. கெர்ட்ரூட். நம் கத்தோலிக்கக் குடும்பங்களில் ஜெர்ட்ரூட் என்பார்கள். ஜெர்மன்காரர் வாயில் அது ககரம். பொருள், பிறப்பு, ஏற்றம், இறக்கம், அயல்நாட்டுப் பயணம் என்று ஐந்து தலைப்பு குறித்து வந்திருக்கிறேன். எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு பழமொழி: கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆனது.

பழைய ஜெர்மானியப் பெயர்கள் பெரும்பாலும் இரண்டு துண்டுகளை ஒட்டிச் செய்தவை. 'கேர்' என்றால் ஈட்டி. 'த்ரூத்' என்றால் வலிமை. வட ஐரோப்பியரின் நோர்ஸ் புராணத்தில் இடிக்கடவுள் தோரின் மகளுக்கு அதுதான் பெயர். பிற்காலத்தில் 'அன்புக்குரிய' என்று பொருள்படும் 'ட்ரூட்' என்ற இன்னொரு சொல்லோடு இது காதில் கலந்துவிட்டது. இதை வைத்துக்கொண்டு பெயர்ப் புத்தகக்காரர்கள் 'ஈட்டிக்கு அன்பானவள்' என்று எழுதிவிடுகிறார்கள். அங்கேதான் தப்பு. துண்டுகள் சேர்ந்து ஒரு தொடராகப் பொருள் தர வேண்டும் என்று அந்தக் காலத்தில் யாரும் எதிர்பார்க்கவில்லை. ஒரு துண்டு தகப்பன் வழி, ஒரு துண்டு தாய் வழி என்று எடுத்து ஒட்டுவதும் உண்டு. ஹில்டெகுண்ட் என்ற பெயரைப் பாருங்கள். 'ஹில்ட்' போர், 'குண்ட்' என்பதும் போர். போர்ப்போர் என்று யாராவது பிள்ளைக்குப் பெயர் வைப்பார்களா? கடைசித் துண்டுதான் ஆணா பெண்ணா என்று சொல்லும். 'கேர்' முன்னால் நின்றால் பெண்ணாகக் கெர்ட்ரூடும் உண்டு, ஆணாகக் கெர்ஹார்டும் உண்டு. பின்னால் போனால் ரூடிகர் போல ஆண்தான்.

தெற்கே பவேரியா, ஆஸ்திரியா பக்கம் இதே பெயர் கெர்ட்ராவ்ட். காரணம் எலியிடம் இருக்கிறது. பழைய ஜெர்மனில் எலிக்கு 'மூஸ்'. நெடில் ஊகாரம் 'அவ்' என உடைந்து இன்று 'மௌஸ்'. அதே உடைப்பில் 'ட்ரூட்' 'ட்ராவ்ட்' ஆனது. வடக்கே அந்த மாற்றம் எட்டவில்லை, ஊகாரம் அப்படியே நின்றுவிட்டது.

எலி என்றதும் நிவெல் ஊர்க் கதையைச் சொல்லாமல் விட முடியாது. இன்று அது பெல்ஜியத்தில் இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டு. பிராங்கிய அரசர் டகோபர்ட்டின் அரண்மனை நிர்வாகி பிப்பின் வீட்டில் விருந்து. ஒரு பிரபுவின் மகன், பட்டும் தங்கச் சரிகையுமாக வந்து, பிப்பினின் மகள் கெர்ட்ரூடைப் பெண் கேட்கிறான். அரசர் சிறுமியைக் கூப்பிட்டு, "இந்தப் பையனைக் கட்டிக்கொள்கிறாயா?" என்கிறார். அவள் கோபத்தில் சிவந்து, இவனும் வேண்டாம், மண்ணில் பிறந்த எவனும் வேண்டாம், கிறிஸ்து ஒருவரே போதும் என்று சத்தியம் செய்கிறாள். அரசர் முன்னால்! விருந்து என்ன ஆகியிருக்கும், யோசித்துப் பாருங்கள். 640-இல் பிப்பின் இறந்ததும், பெண்ணைத் தூக்கிக்கொண்டு போக ஆள் வருமோ என்று தாய் இட்டாவுக்குப் பயம். அவள் வாள் எடுக்கவில்லை. நாவிதன் கருவியை எடுத்து, மகளின் தலைமுடியைத் துறவிகளுக்கு வெட்டுவதுபோல் வட்டமாக வெட்டிவிட்டாள். அதற்குமேல் எவன் கேட்பான்? கெர்ட்ரூட் நிவெல் மடத்தின் தலைவியானாள். 659 மார்ச் 17-இல், முப்பத்து மூன்றாம் வயதில் இறந்தாள். அதற்கு முந்தைய நாள், அயர்லாந்துத் துறவி உல்டானிடம் ஆள் அனுப்பி, நான் சாகும் நாள் எது என்று கேட்டதாகவும், "நாளைக்கு, பூசை நேரத்தில், அது புனித பாட்ரிக்கின் திருநாள், அஞ்ச வேண்டாம்" என்று அவர் சொல்லியனுப்பியதாகவும் அவள் வரலாறு சொல்கிறது. படங்களில் அவள் கைக்கோலில் எலி ஏறும். மார்ச் 17-க்கு மேல் நூல் நூற்றால் எலி வந்து நூலைக் கடித்துவிடும், தக்களியை வைத்துவிட்டுத் தோட்டத்துக்குப் போ என்பது உழவர் வழக்கு.

ஏற்றத்துக்கு வருவோம். 1890-களிலிருந்து 1920-கள் வரை ஜெர்மனியில் பெண் பெயர்களின் முன்வரிசையில் இது இருந்தது. 1926-இல் ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்த முதல் பெண் கெர்ட்ரூட் எடெர்லே. நியூயார்க்கில் குடியேறிய ஜெர்மானியர் வீட்டுப் பெண். பிறகு சரிவு. 1960-களில் புதுப் பிள்ளைகளுக்கு வைப்பது அரிதாகிவிட்டது. எம்மா, இடா, ஃப்ரீடா போன்ற பழைய பெயர்கள் திரும்பி வந்தன, கெர்ட்ரூட் வரவில்லை. அம்மா பெயர் பழசு, பாட்டி பெயர் கிழடு, கொள்ளுப்பாட்டி பெயர்தான் மறுபடி புதுசு. ஆனால் திரும்பி வருபவை உயிரெழுத்து நிறைந்த மெல்லிய பெயர்கள். 'ர்ட்ர்' என்று நாக்கைத் தடுக்கும் பெயர் வாசலிலேயே நிற்கிறது.

கழுதை தேய்வதைப் பாருங்கள்: ட்ரூடெ, ட்ரூடி, ட்ராவ்டில், வடக்கே கெசா, கெஷெ, கெசினெ, நெதர்லாந்தில் ட்ரூஸ், பின்லாந்தில் கெர்ட்டு. எந்தப் பெயர் எத்தனையாவது இடம் என்று எண்ணுகிறவர் இங்கேதான் இடறுவார். கெர்ட்ரூட், கெர்ட்ரூடெ, கெர்ட்ராவ்ட் மூன்றையும் ஒன்றாக எண்ணினால் ஓர் இடம், தனித்தனியே எண்ணினால் வேறிடம். வீஸ்பாடனில் உள்ள ஜெர்மன் மொழிக் கழகம், பதிவு அலுவலகங்களைக் கேட்டு ஆண்டுப் பட்டியல் போடத் தொடங்கியதே 1977-இல்தான். அதற்கு முந்தியதைப் பழைய பிறப்புப் பதிவேடுகளிலிருந்து கூட்டி எடுக்க வேண்டும்.

அவர்களுக்குப் பதிவேடாவது இருக்கிறது. நம் பாட்டிமார் பெயர்களுக்கு? ரேஷன் அட்டையில் ஒன்று, வாக்காளர் பட்டியலில் ஒன்று, வீட்டில் ஒன்று. வீட்டுப் பெயர் எந்தத் தாளிலும் இல்லை. அதனால்தான் பாட்டிமார் பெயர்களை எழுதிச் சேர்க்கும் ஊர்ப் பெயர்த் திரட்டு ஒன்று வேண்டும் என்று ஊர் ஊராகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஒரு தாள், நான்கு கட்டம்: பதிவுப் பெயர், வீட்டில் கூப்பிட்ட பெயர், பிறந்த ஆண்டு, யார் நினைவாக வைத்தது. வயதை எழுதாதீர்கள், அடுத்த ஆண்டே அது பொய். ஆண்டு தெரியாவிட்டால் மூத்த பிள்ளையின் பிறப்பாண்டைக் குறியுங்கள். 'சின்னப்பொண்ணு' என்றால் அது பதிவுப் பெயரா, கூப்பிடு பெயரா என்று ஒரு தடவை கேட்டுவிடுங்கள். எழுத்தைத் திருத்தாதீர்கள், பாட்டி 'கெசா' என்று சொன்னால் கெசாதான், நீங்கள் கெர்ட்ரூட் ஆக்கக் கூடாது. வார்டு உறுப்பினர் அவர்கள் தெருவுக்கு ஓர் ஆளைக் கொடுத்தால் இரண்டு ஞாயிற்றுக்கிழமையில் முடியும் வேலை இது.

தலைவர் மணியடித்துவிட்டார். அயல்நாட்டுப் பயணம் போகட்டும். படிவங்கள் படிக்கட்டுக்குப் பக்கத்து மேசையில் இருக்கின்றன, வீட்டுக்கு இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். செயலாளர் ஐயா, இப்போது சால்வையைக் கொண்டுவரலாம்.